லோப்பபெய்ஸா: கம்பளியின் பெயர், தோளின் பெயர்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்த ஸ்வெட்டரைக் காணலாம். உடலும் கைகளும் ஒரே நிறம். சாம்பல், கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை எதுவாகவும் இருக்கலாம். ஆட்டின் மேல் இருந்த நிறமே பெரும்பாலும் ஸ்வெட்டரின் நிறம். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் மட்டும் இரண்டு மூன்று நிறங்களில் வளையம் வளையமாகக் கோலம் விழுந்திருக்கும். கழுத்தருகே நெருங்கி, தோளில் விரிந்து, முன்னும் பின்னும் ஒன்றுபோல் சுற்றி வரும் கோலம். படத்தில் ஒருமுறை பார்த்தவர்கூட அடுத்த முறை அந்தக் கோலத்தை வைத்தே ஸ்வெட்டரை அடையாளம் சொல்லிவிடுவார்.

ஐஸ்லாந்து மொழியில் இதற்கு லோப்பபெய்ஸா என்று பெயர். அந்தப் பெயரில் கோலமும் இல்லை, வளையமும் இல்லை, கழுத்தும் இல்லை. லோப்பி என்பது ஒரு குறிப்பிட்ட பக்குவத்தில் உள்ள கம்பளி. பெய்ஸா என்றால் ஸ்வெட்டர். நம் மொழியில் 'மரம்' கிளையோடு சேரும்போது 'மரத்து' ஆவதுபோல, கூட்டுச்சொல்லின் முன்னே நிற்கும் லோப்பி 'லோப்ப' என்று வடிவம் மாறுகிறது. அவ்வளவுதான் அந்தச் சொல். கண்ணில் முதலில் படுவதை விட்டுவிட்டுக் கைக்குத் தெரிவதைச் சொல்கிறது. இது தற்செயல் அல்ல. கோலம் வருவதற்கு முன்பே பெயருக்கான பொருள் வந்துவிட்டது. கோலம் பின்னால் வந்து குடியேறியது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் அந்த ஸ்வெட்டரை உடம்புக்குப் பொருந்தப் பின்னுவதும் புரியும் என்பது என் எண்ணம்.

முதலில் லோப்பி. ஐஸ்லாந்தில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஆடுகளின் வழிவந்த இனமே இன்றும் அங்கே மேய்கிறது. இந்த ஆட்டின் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். வெளியே நீளமாக, முரடாக, மழைநீரை வழியவிடும் அடுக்கு. அதற்கு டோக் என்று பெயர். அடியில் குட்டையாக, மெத்தென்று, காற்றை அடைத்து வைத்திருக்கும் அடுக்கு. அதற்குத் தெல் என்று பெயர். முற்காலத்தில் இரண்டையும் கையால் பிரித்தார்கள். தெல் உடம்போடு ஒட்டும் மெல்லிய உடுப்புகளுக்கும், டோக் உறுதி வேண்டிய வேலைகளுக்கும் போனது. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகச் சீவி, இழைகளை ஒரு திசையில் படுக்க வைத்து, முறுக்காமல் நீளமாக இழுத்தால் கிடைப்பது லோப்பி. நூற்பதற்கு ஒரு படி முந்தைய நிலை. விளக்குக்குத் திரி திரிப்பதற்கு முன் விரல் நுனியில் பஞ்சை இழுத்து நீட்டுவோமே, அந்தப் பக்குவம். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்தவர்கள் இதை உடனே ரோவிங் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சிம்ப்ளெக்ஸ் எந்திரத்திலிருந்து இறங்கும் ரோவிங்குக்குச் சிறிதளவு முறுக்கு இருக்கும். பழைய லோப்பிக்கு அதுவும் இல்லை.

இந்தச் சொல் ஸ்வெட்டரைவிட மூத்தது என்பதற்கு மொழியிலேயே சான்று உண்டு. ஒருவர் பேச்சை முடிக்காமல் நீட்டிக்கொண்டே போனால் ஐஸ்லாந்துக்காரர்கள் 'லோப்பியை இழுக்கிறார்' என்பார்கள். நாம் 'கதையை இழுக்காதே' என்கிறோம். அவர்கள் எதை இழுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ராட்டையின் முன் உட்கார்ந்து லோப்பியை இழுத்து இழுத்து நூலாக்கிய வீடுகளில்தான் இப்படி ஒரு வழக்கு பிறக்க முடியும். அந்த வீடுகளில் லோப்பி என்பது முடிந்த பொருள் அல்ல. போகிற வழியில் இருக்கும் பொருள். அதைக் கொண்டு உடுப்புப் பின்னலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

பெய்ஸாவின் கதை வேறு. ஐஸ்லாந்துக்குப் பின்னல் கலை வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் எல்லாம் தறியில் நெய்த கம்பளித் துணி. பின்னுவதைக் குறிக்கும் அவர்கள் சொல் ஊசியின் பெயரிலிருந்து வந்தது: ப்ரியோன். பின்னல் வருவதற்கு முன் அதற்குக் குத்தூசி என்றே பொருள். ஸ்காட்லாந்து வழக்கில் குண்டூசியைக் குறிக்கும் ப்ரீன் என்ற சொல்லும் இதன் உறவுதான். கலை புதிது, சொல் பழையது. பின்னல் அந்த நாட்டில் பற்றிய வேகம் பெரிது. 1624இல் மட்டும் 72,000 ஜோடிக்கு மேற்பட்ட காலுறைகள் ஏற்றுமதியானதாகக் கணக்கு இருக்கிறது. ஆணும் பெண்ணும் குழந்தையும் குளிர்கால இரவுகளில் உட்கார்ந்து பின்னிய காலுறைகள் அவை. மக்கள்தொகை மிகக் குறைவாக இருந்த ஒரு தீவிலிருந்து போன எண்ணிக்கை இது.

பெய்ஸா என்பது இந்தப் பின்னல் உலகத்தில் மேல்சட்டையின் பெயர். ஆண்கள் போட்ட பின்னல் சட்டையைப் பெண்களும் எடுத்துப் போடத் தொடங்கியதிலிருந்து ஒரு முழு உடையே பெயர் பெற்றது. பெய்ஸுஃபோத், அதாவது பெய்ஸா உடை. கறுப்பாக, உடம்போடு ஒட்டி, குஞ்சம் தொங்கும் தொப்பியோடு அணியும் இந்த உடையை இன்றும் விழாக்களில் காணலாம். பின்னாளில் இதன் மேல்சட்டையைப் பின்னாமல் துணியில் தைத்தார்கள். ஆனாலும் பெய்ஸா என்ற பெயர் போகவில்லை. பொருள் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்த இயல்பைக் கவனத்தில் வையுங்கள். லோப்பபெய்ஸாவிலும் இது வரும், ஆனால் வேறு விதமாக.

இன்னொரு கூட்டு துக்கரபெய்ஸா. துக்க என்பது ஒரு வகை மீன்பிடிக் கப்பல். ஆங்கிலத்தில் டாக்கர். வடகடலின் டாக்கர் திட்டுக்குப் பெயர் தந்ததும் அந்தக் கப்பலே. அந்தக் கப்பல்களில் போனவர்களின் ஸ்வெட்டர் துக்கரபெய்ஸா. ஆக, பெய்ஸாவுக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து வகை பிரிப்பது ஐஸ்லாந்தில் வழக்கமான வேலை. துக்கரபெய்ஸா யார் அணிவது என்று சொல்கிறது. லோப்பபெய்ஸா எதால் ஆனது என்று சொல்கிறது. உலகத்தின் மற்றப் பின்னலாடைப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை தெரியும். ஜெர்ஸியும் கெர்ன்ஸியும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகள். கார்டிகன் கிரிமியப் போரில் குதிரைப்படையை நடத்திய ஒரு பிரபுவின் பட்டம். ஸ்வெட்டரில் இருப்பது வியர்வை. நம் திருப்பூரின் பனியன், குஜராத்து வணிகர்களைக் குறித்த சொல் போர்த்துக்கீசியர், ஆங்கிலேயர் வாய்வழியாகச் சுற்றி வந்து சட்டைக்குப் பெயரானது. இவற்றில் எதுவும் தான் எதால் ஆனது என்று சொல்வதில்லை.

லோப்பி பின்னல் இழை ஆனது எந்திரங்களால். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கம்பளி சீவும் எந்திரங்கள் ஐஸ்லாந்துக்கு வந்தன. ரெய்க்யாவிக்கை அடுத்த மோஸ்ஃபெல்ஸ்பைரில், வெந்நீர் ஊற்றும் அருவியும் உள்ள இடத்தில், 1896இல் ஆலாஃபோஸ் ஆலை தொடங்கியது. மறு ஆண்டு வடக்கே ஆக்குரெய்ரியில் கெஃப்யுன். விவசாயி தன் ஆட்டுக் கம்பளியை ஆலைக்குக் கொடுப்பார். ஆலை அதைச் சீவி, இழுத்து, தட்டையான வட்டுகளாகச் சுற்றித் திருப்பிக் கொடுக்கும். வீட்டில் அதை ராட்டையில் நூற்றுக்கொள்ள வேண்டும். வட்டு வடிவத்தால் இதற்கு ப்ளோத்துலோப்பி, அதாவது தட்டு லோப்பி என்று பெயர். இன்றும் அந்த வடிவத்தில், அந்தப் பெயரில் விற்கிறார்கள். 100 கிராம் வட்டில் சுமார் 300 மீட்டர் இருக்கும்.

1920களில் பெண்கள் சிலர் நூற்கும் வேலையைத் தாண்டிப் போனார்கள். முறுக்கில்லாத லோப்பியையே இரண்டு மூன்று இழைகள் சேர்த்துப் பின்னிப் பார்த்தார்கள். துணிச்சலான காரியம்தான். தனி இழையாக எடுத்துச் சற்று வெடுக்கென்று இழுத்தால் லோப்பி பிய்ந்துவிடும். ஆனால் பிய்ந்த இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையை ஈரமாக்கித் தேய்த்தால் முடிச்சே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பின்னி முடித்த துணியில் கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் பிய்வதில்லை. முறுக்கில்லாத இழைக்குள் காற்று நிறைய நிற்பதால் கனத்துக்கு மிஞ்சிய சூடு. நூற்கும் நேரம் மிச்சம். தடித்த இழையானதால் பின்னும் நேரமும் மிச்சம். பண்ணை வேலைக்கும் கடல் வேலைக்கும் இப்படிப் பின்னிய ஸ்வெட்டர்களை லோப்பியின் ஸ்வெட்டர் என்று அழைத்ததில் வியப்பில்லை. அதில் புதுமை அந்த ஒன்றுதான்.

கழுத்தைச் சுற்றிய கோலம் வந்தது 1950களின் நடுவில். யார் முதலில் பின்னியது என்ற கேள்விக்கு ஐஸ்லாந்தில் பல குடும்பங்களிடம் பதில் உண்டு. அதிகம் சொல்லப்படும் பெயர் ஓய்துர் லக்ஸ்னெஸ். 1955இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லக்ஸ்னெஸின் மனைவி. கைத்தொழில் பற்றி எழுதியும் வந்தவர். கணவர் கொண்டுவந்த இன்கா மக்கள் பற்றிய நூல் ஒன்றைப் பார்த்து அவர் கழுத்துக் கோலத்தை அமைத்தார் என்று சொல்வார்கள். அவர்கள் வாழ்ந்த க்ளியூவ்ரஸ்டெய்ன் வீடு ஆலாஃபோஸுக்கு அருகிலேயே இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம். கிரீன்லாந்துப் பெண்களின் விழா உடையில் தோளை மூடி விரியும் மணிக்கோவைக் கழுத்தணியைக் காட்டுவோர் உண்டு. சுவீடனின் பூஹுஸ் ஸ்டிக்னிங்கைக் காட்டுவோரும் உண்டு. கல் உடைக்கும் தொழில் நலிந்த கடற்கரை ஊர்களில் பெண்களுக்கு வேலை தருவதற்காக எம்மா யாகோப்சன் 1939இல் தொடங்கிய அமைப்பு அது. 1969 வரை நடந்தது. மெல்லிய நூலில் நிறம் நிறமாக உருகி இறங்கும் அவர்களது வட்டக் கழுத்து ஸ்வெட்டர்கள் 1940களிலேயே புகழ் பெற்றவை. ஆடை ஆய்வாளர் ஆஸ்தீஸ் யோயெல்ஸ்டோட்டிர் 2017இல் வெளியிட்ட நூல் இந்த ஸ்வெட்டரின் பிறப்பு, வரலாறு, வடிவமைப்பு மூன்றையும் விரிவாக ஆராய்கிறது. ஒற்றைத் தாயைத் தேடுவது வீண் என்பதே என் முடிவு. வட்டக் கழுத்துக் கோலம் அந்தப் பத்தாண்டில் வட ஐரோப்பா முழுவதும் உலவிய எண்ணம். ஐஸ்லாந்தில் அது லோப்பியில் விழுந்ததால் நிலைத்தது.

ஏன் நிலைத்தது என்பதற்குக் காரணம் பொருளிலேயே இருக்கிறது. இரண்டு நிறத்தில் பின்னும்போது பயன்படாத நிறத்தின் இழை துணியின் பின்பக்கம் குறுக்கே ஓடும். உடல் முழுவதும் கோலம் போட்டால் துணி இரட்டைக் கனமாகிவிடும். தடித்த லோப்பியில் அது தாங்காது. தோளில் மட்டும் போட்டால், மழையும் காற்றும் நேராக விழும் இடத்தில் அந்த இரட்டைக் கனம் உதவும். முறுக்கில்லாத இழையில் பொடிப்பொடியான வேலைப்பாடு மங்கிவிடும். பெரிய, தெளிவான வடிவங்கள் எடுப்பாக நிற்கும். லோப்பியின் மேற்பரப்பில் எழும் மெல்லிய மயிர் நிறங்களின் விளிம்பைச் சற்றே கலக்க, கோலம் ஆட்டின் மேலேயே விளைந்ததுபோல் அமைந்துவிடுகிறது.

இந்தத் தோள் பகுதிக்கு ஒவ்வொரு மொழியும் வைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் இது யோக். நம் ஊர்த் தையற்கடையிலும் சட்டையின் தோள்பட்டைத் துண்டையும், பாவாடையின் இடுப்புத் துண்டையும் யோக் என்றே சொல்கிறார்கள். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தின் பெயர்தான் அது. நுகம் என்ற நம் சொல் வடமொழி யுகத்திலிருந்து வந்தது என்று தமிழ் லெக்சிகன் காட்டுகிறது. யுகமும் யோக்கும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் பிறந்தவை. ஆக, ஏர் பூட்டுகிறவர் சொல்லும் நுகத்தடியும் தையற்காரர் சொல்லும் யோக்கும் தூரத்து உறவு. ஒன்று தரைவழி வந்தது, மற்றது கப்பலில் வந்தது. சுவீடன்காரர்கள் இதே வேர்ச்சொல்லைத் தங்கள் மொழியில் ஸ்வெட்டருக்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஐஸ்லாந்து மொழியிலும் மாட்டு நுகத்துக்கு அந்தப் பழைய சொல் உண்டு. ஆனால் ஸ்வெட்டருக்கு அதை எடுக்கவில்லை. தோள்துண்டு என்று பொருள்படும் ஒரு சொல்லும், பெருஸ்திக்கி என்ற ஒரு சொல்லும் பின்னல் குறிப்புகளில் வழங்குகின்றன. பெருஸ்திக்கி என்றால் சுமக்கும் துண்டு. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இதே அமைப்பில்தான் சொல். நுகத்தைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது. நுகம் கழுத்தின் மேல் உட்கார்வதைச் சொல்கிறது. சுமக்கும் துண்டு அந்தப் பகுதியின் வேலையைச் சொல்கிறது. உடலும் இரண்டு கைகளுமாகத் தொங்கும் கம்பளியின் முழு எடையையும் அந்த வளையம்தான் தாங்குகிறது. தோளில் தையல் இல்லை, கைக்குழியில் தையல் இல்லை, இழுத்துப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. ஸ்வெட்டர் பொருந்துவதும் பொருந்தாததும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பின்னும் முறையைப் பார்த்தால் இது தெளியும். வட்ட ஊசியில் இடுப்பில் தொடங்கி, திருப்பூர் எந்திரங்களில் பனியன் துணி குழாயாகவே இறங்குவதுபோல், உடலைக் குழாயாகவே அக்குள் வரை பின்னுவார்கள். கைகளும் அப்படியே இரண்டு குழாய்கள். அக்குளில் சில கண்ணிகளைத் தனியே நிறுத்திவிட்டு, மூன்று குழாய்களையும் ஒரே ஊசியில் சேர்த்தால் பெரிய வட்டம் ஒன்று கிடைக்கும். அந்த வட்டத்தைக் கழுத்தளவுக்குச் சுருக்குவதுதான் மிச்ச வேலை. சுருக்குவதற்காகக் குறைக்கும் கண்ணிகளைக் கோலத்தின் நடுவே குறைத்தால் வடிவம் சிதையும். அதனால் ஒரு கோல வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் குறைப்பார்கள். கோலம் வளையம் வளையமாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. குறைப்பை ஒளித்து வைக்க இடம் வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். லெட்லோப்பி, அதாவது மெல்லிய லோப்பி, 4.5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி, 24 சுற்று வரும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்றால் உடலுக்கு 180 கண்ணி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த பின்னல் ஆசிரியர் எலிசபெத் ஸிம்மர்மன் உடலை நூறாக வைத்து மற்றதையெல்லாம் விழுக்காட்டில் சொன்னார்: மேற்கை மூன்றில் ஒரு பங்கு, அக்குள் 8 விழுக்காடு, கழுத்து 40 விழுக்காடு. அதன்படி மேற்கைக்கு 60 கண்ணி. அக்குளில் உடலிலும் கையிலுமாக நான்கு இடத்தில் 14, 14 கண்ணி நிறுத்தினால், சேர்ந்த வட்டத்தில் 244 கண்ணி நிற்கும். கோலத்தின் ஓர் அலகு 12 கண்ணி என்றால் 20 அலகுக்கு 240 போதும், நான்கைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் குறைப்பில் ஒவ்வோர் அலகும் 12இலிருந்து 9 ஆகும், அடுத்ததில் 6, கடைசியில் 4. வட்டம் 240, 180, 120, 80 என்று இறங்கிக் கழுத்தில் சுமார் 44 செ.மீ. ஆகிறது. இருபது அலகும் கடைசி வரை உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெலிந்துகொண்டே மேலே போகிறது.

பொருத்தம் கெடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது வளையத்தின் ஆழம். ஸிம்மர்மன் கணக்கில் அது மார்புச் சுற்றில் கால் பங்கு, இங்கே 25 செ.மீ., 60 சுற்று. பெரிய அளவுகளில் இதை அப்படியே எடுத்தால் அதிகமாகிவிடும். மார்பு பெருத்த அளவுக்குத் தோளுக்கும் அக்குளுக்கும் இடையிலான தூரம் யாருக்கும் பெருப்பதில்லை. உடம்பில் கழுத்தடியிலிருந்து அக்குள் மட்டம் வரை அளந்து, அணிகிற தளர்ச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. சேர்ப்பது நம்பகமான வழி. ஆழம் குறைந்தால் ஸ்வெட்டர் அக்குளில் வெட்டும். கையைத் தூக்கினால் உடல் முழுவதும் மேலே ஏறும். மிஞ்சினால் அக்குளில் துணி பையாகத் தொங்கும். திருத்தம் எளிது. மூன்று குழாய்களையும் சேர்த்த பிறகு, கோலம் தொடங்குமுன் வரும் ஒரே நிறச் சுற்றுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆறு சுற்று கூட்டினால் 2.5 செ.மீ. இறங்கும். கோலத்தைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது கழுத்தின் பின்பக்கம். வட்டக் கோலத்துக்கு முன் எது, பின் எது என்று தெரியாது. ஆனால் மனிதக் கழுத்துக்குத் தெரியும். அது முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருக்கிறது. வளையத்தை அப்படியே விட்டால் முன்கழுத்து தொண்டையை அழுத்தும், பின்கழுத்து குளிரும். கோலம் முடிந்ததும், அல்லது தொடங்குமுன், பின்பக்கத்துக் கண்ணிகளை மட்டும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒவ்வொரு முறையும் சற்று முன்னே திரும்பிப் பின்னினால் பின்பக்கம் 2, 3 செ.மீ. உயரும். பழைய ஐஸ்லாந்துக் குறிப்புகள் பலவற்றில் இது இருக்காது. சேர்த்துக்கொள்வது அணிகிறவருக்குச் செய்யும் நன்மை.

மூன்றாவது இறுக்கம். இரண்டு நிறத்தில் பின்னும்போது பின்னே ஓடும் இழையைக் கை தன்னையறியாமல் இழுத்துப் பிடிக்கும். 18 கண்ணிக்குப் பதில் 19, 20 என்று நெருங்கினால் தோளில் பல செ.மீ. காணாமல் போகும். கோலம் வரும் சுற்றுகளுக்கு அரை அளவு பெரிய ஊசி, 4.5க்குப் பதில் 5, எடுத்துக்கொள்வார்கள். வலது ஊசியில் கண்ணிகளை விரித்து வைத்த பிறகு நிறம் மாற்றுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. முழு ஸ்வெட்டரையும் 18க்குப் பதில் 17 கண்ணியில் தளர்வாகப் பின்னினால் அதே 180 கண்ணி 106 செ.மீ. ஆகும். எந்தக் கண்ணியும் கூட்டாமல் ஓர் அளவு பெரிதாக்க இது போதும்.

ஸ்வெட்டரை முன்பக்கம் திறக்க வேண்டுமென்றால் அதற்கும் லோப்பி வழிவிடும். முன்னால் நடுவில் கூடுதலாகச் சில கண்ணிகளைப் பின்னி வைத்து, தையல் எந்திரத்தில் இருபக்கமும் தையல் ஓட்டி, நடுவே கத்திரியால் வெட்டிவிடுவார்கள். முறுக்கேறிய வழவழப்பான நூலில் இதற்குத் துணிவு வராது. லோப்பியின் மயிர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வெட்டிய விளிம்பு அவிழ்வதில்லை. தையல் இல்லாத குழாயாகப் பின்னும் துணிவும், அதை வெட்டும் துணிவும், வளையத்தில் முழு எடையையும் தொங்கவிடும் துணிவும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. அந்த மூலத்தைத்தான் பெயர் முன்னால் நிறுத்துகிறது.

வெளிநாட்டுக்குப் போன பிறகு பெயர் தலைகீழானது. 1991இல் ஆலாஃபோஸின் வீழ்ச்சிக்குப் பின் உருவான ஈஸ்டெக்ஸ் நிறுவனம் லோப்பி என்பதையே நூலின் வணிகப் பெயராக உலகெங்கும் விற்கிறது. சொல்லின் பழைய பொருளான 'நூற்காத கம்பளி' அதில் பாதி மறைந்தது, ஏனென்றால் லெட்லோப்பி உட்படப் பல வகைகளுக்கு இன்று மெல்லிய முறுக்கு உண்டு. அவர்களது வடிவமைப்பாளர் வேதீஸ் யோன்ஸ்டோட்டிரின் ரிட்டாரி, அதாவது குதிரைவீரன், என்ற கோலம் எத்தனையோ நாடுகளில் ஊசியில் ஏறியது. அதைப் பின்னியவர்கள் மெரினோவிலும் பருத்தியிலும்கூட வட்டக் கோலம் போட்டு லோப்பபெய்ஸா என்று அழைத்தார்கள். ஐஸ்லாந்தில் கம்பளியைக் குறித்த சொல் வெளியே கோலத்தைக் குறிக்கத் தொடங்கியது. பெய்ஸுஃபோத்தில் பொருள் போய் வடிவம் நின்றதுபோல, இங்கே பொருளின் பெயரே பொருளை விட்டு வடிவத்தின்மேல் போய் உட்கார்ந்தது.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் ஐஸ்லாந்தில் மறுபடி எல்லோர் கையிலும் ஊசி ஏறியது. சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள். அவர்களுக்காக வெளிநாட்டில் பின்னிய ஸ்வெட்டர்கள் அதே பெயரில் கடைக்கு வந்தன. 1977இல் தொடங்கிய கைப்பின்னலாளர் சங்கத்துப் பெண்களுக்கு இது வயிற்றில் அடித்த விஷயம். ஒரு ஸ்வெட்டருக்கு அவர்கள் செலவிடும் மணிநேரத்துக்குக் கிடைக்கும் கூலியே குறைவு. பெயரையும் இழந்தால் மிஞ்ச எதுவும் இல்லை. 'ஐஸ்லாந்து லோப்பபெய்ஸா' என்ற பெயர் 2020இல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. நிபந்தனைகளைப் படித்தால் பெயரின் முழு வரலாறும் வரிசையாக நிற்கிறது: ஐஸ்லாந்து ஆட்டின் கம்பளி, மறுசுழற்சி அல்லாத புதுக் கம்பளி, லோப்பி, ஐஸ்லாந்தில் கையால் பின்னியது, சுற்றாகத் தையலின்றிப் பின்னியது, தோளிலிருந்து கழுத்து வரை வட்டக் கோலம். பெயர் சொல்லாமல் விட்ட கோலத்தைச் சட்டம் எழுதிச் சேர்த்தது. வெளியே மறந்துபோன கம்பளியையும் முதல் வரியிலேயே திரும்ப வைத்தது.

அந்தச் சட்டம் கடைக்குத்தான்; வீட்டில் பின்னுகிறவரை அது தடுக்கவில்லை. குன்னூரிலோ டொராண்டோவிலோ ஒருவர் உண்மையான லோப்பியை வாங்கி வட்டக் கோலம் பின்னினால், அதை லோப்பி ஸ்வெட்டர் என்று அழைப்பது நேர்மையானது, பொருள் அதுதான். மெரினோவில் பின்னினால் வட்ட யோக் ஸ்வெட்டர். விலை கொடுத்து வாங்குகிறவர் 'ஐஸ்லாந்துக் கம்பளி' என்ற சீட்டோடு நின்றுவிடாமல் 'ஐஸ்லாந்தில் கையால் பின்னியது' என்ற சீட்டையும் தேட வேண்டும். முன்னது மட்டும் இருந்தால் ஆடு ஐஸ்லாந்தில் மேய்ந்தது என்று பொருள். பின்னிய கை வேறெங்கோ இருக்கலாம்.